வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிரவுசர்

நாகலூரில் தேவகுமாரி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று விளங்காது. டைப் டீச்சர் என்று கேட்டால் காப்பிக் காட்டில் களை எடுப்பவர்கள்கூட வழி சொல்வார்கள். இத்தனைக்கும் அவள் டைப் சொல்லிக்கொடுத்தது ஏற்காட்டில், ஒண்டிக்கடை பக்கம் ஒரு மாடியறையில், அதுவும் நான்கே வருடம். அந்த இன்ஸ்டிடியூட் மூடிப் பதினாறு வருடம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். பேங்க் வேலை என்பார் ஒருவர். பரீட்சைத் தாள் திருத்துகிறாள் என்பார் இன்னொருவர். கணவர் ஜெப்சன், ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். நாள் முழுக்க ஆள் பெயர் எழுதிக் கணக்கு முடிக்கிற மனிதர், மனைவியின் வேலையை மட்டும், "கம்ப்யூட்டர்ல என்னமோ டெஸ்டு போடறா" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அப்படி ஒன்றும் விளங்காத வேலை இல்லை அது. யாரோ ஒருவர் ஒரு வெப்சைட் கட்டுகிறார். ஊருக்குத் திறந்துவிடும் முன்னால் அதிலுள்ள ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பார்க்க, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஒருமுறை பார்த்தால் போதாது, கட்டுகிறவர் எதையாவது மாற்றும்போதெல்லாம் முதலிலிருந்து பார்க்க வேண்டும். கையால் செய்தால் விரல் தேய்ந்துவிடும். ஆகவே தேவகுமாரி ஒரு பிரவுசரைப் பழக்கி வைத்திருந்தாள். அது தானே திறக்கும், தானே பெயரும் முகவரியும் எழுதும், தானே பட்டனை அமுக்கும். நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு என்று கடைசியில் ஒரு ரிப்போர்ட் போட்டு வைக்கும். சேலத்திலுள்ள ஒரு சின்னக் கம்பெனிக்காக அவள் வீட்டிலிருந்தே இதைச் செய்துகொண்டிருந்தாள். நாற்பத்து நான்கு வயதில், அந்தக் கம்பெனியிலேயே மூத்தவள் அவள்தான்.

பழக்குவதெல்லாம் செட்டிங்கில் இருக்கிறது. மனிதர்கள் பிரவுசரைத் திறந்தால் அது சும்மா இருப்பதில்லை. அறிவிப்பு அனுப்பட்டுமா, பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா, நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளட்டுமா என்று புதுச் சம்பந்தி மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். மனிதர்களென்றால் ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தானாக ஓடுகிற பிரவுசர் பக்கத்தில் பதில் சொல்ல ஆள் ஏது? கேள்வி வந்த இடத்திலேயே திகைத்து நின்றுவிடும், சோதனை சிவப்பாகும். அதனால் கேள்விக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதிவைத்துவிட வேண்டும். ஜன்னல் இவ்வளவு அகலம். மொழி தமிழ். பழைய ஞாபகம் எதுவும் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் புதிதாய்ப் பிறந்ததுபோல் திற. இடம் கேட்டால் சரி என்று சொல். எந்த இடம் என்றால், சேலம் ஆபீஸ் இருக்கும் தெருவைச் சொல்.

இப்படி நாற்பத்து மூன்று வரி. பதினொரு வருடமாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய ஃபைல். கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் கொடுப்பதே 'தேவகுமாரி ஃபைல்'தான். அதை வைத்து அவள் போட்ட ரிப்போர்ட் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. இதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சர்ச் பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நின்று பாடும் புஷ்பலதாவைக் கேட்டால் எத்தனை தடவை என்றே சொல்வாள்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, மணி பத்து இருக்கும். பனிமூட்டம் விலகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. மேலக்காட்டு ஆராயியும் அவள் மகள் கௌரியும் வந்தார்கள். மேலக்காடு, நாகலூரிலிருந்து இன்னும் எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற மலைக்கிராமம். ஆராயிக்கு அங்கே கொஞ்சம் காப்பியும் நாலு ஆரஞ்சு மரமும் ஒரு துண்டு ராகிக் காடும் உண்டு. வாரம் ஒருமுறை பழக்கூடையோடு பஸ் ஏறி வருகிறவள், அன்று கூடை இல்லாமல் வந்திருந்தாள்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டுலதான் இருக்கீங்களா?"

"வாங்க ஆராயி. வா கண்ணு. என்ன, வெறுங்கையோட வந்துட்டீங்க?"

"இந்தப் புள்ளைக்கு ஆஸ்டல் பாரம் ஏத்தோணுமுங்க. மூணு நாளா போன்ல அமுக்கி அமுக்கிப் பாக்கறோம், ஏற மாட்டீங்குது. நீங்க கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணுவீங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தோம்."

விஷயம் இதுதான். கௌரிக்குச் சேலத்தில் நர்சிங் படிக்க சீட் கிடைத்துவிட்டது. காலேஜ் எட்டரைக்கு. மேலக்காட்டிலிருந்து முதல் பஸ் கிளம்புவதே ஏழே முக்காலுக்கு. ஆகவே விடுதி கிடைத்தால்தான் படிப்பு. கௌரியின் அப்பா சந்திரசேகர் அதை வேறுமாதிரி சொல்லியிருந்தார்: ஆஸ்டல் கெடச்சா போகட்டும், இல்லாட்டி ஊட்டுல இருக்கட்டும், சொந்தக்காரங்க ஊட்டுல வெச்சுப் படிக்க வெக்கற சோலியெல்லாம் வேண்டாம். சேலத்தில் ஓர் அறக்கட்டளை, மலைக்கிராமத்துப் பெண்களுக்கென்று விடுதி நடத்துகிறது. இந்த வருடம் பன்னிரண்டு இடம். எல்லாம் ஆன்லைன். புதன்கிழமை மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள்.

அந்த வெப்சைட்டின் பெயரைக் கேட்டதும் தேவகுமாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதைக் கட்டியது அவள் கம்பெனி. போன மாதம் அதைச் சோதித்து, நூற்றுப் பதினெட்டுச் சோதனையும் பச்சை என்று ரிப்போர்ட் கொடுத்தவள் அவளேதான்.

"அது ஏறாம எங்க போகும்? குடு கண்ணு போனை" என்று தெம்பாக வாங்கினாள்.

பெயர், மார்க், காலேஜ் எல்லாம் சரியாக இருந்தன. கீழே, 'உங்கள் ஊரின் தூரம் கணக்கிடப்படுகிறது' என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றால்தான் அனுப்புகிற பட்டனில் நிறம் வரும். சாம்பல் நிறத்தில் செத்துக்கிடந்தது பட்டன். ஏன் என்று ஒரு வார்த்தை எங்கும் இல்லை.

"லொக்கேஷன் கேட்டுச்சா கண்ணு?"

"கேட்டுச்சுங்க டீச்சர். வேண்டாம்னு அமுக்கிட்டேன்."

"ஏன்?"

கௌரி அம்மாவைப் பார்த்தாள். ஆராயிதான் சொன்னாள். "ஊர்ல பேசுனதுங்க. போன வருசத்துக்கு முந்துன வருசம் பேண்ட்டு போட்டவங்க ரெண்டு பேரு வந்து, காட்டு ஓரமா போனைப் புடிச்சுக்கிட்டே நடந்தாங்க. யாரு என்னன்னு சொல்லலை, போயிட்டாங்க. அப்பறம் எங்க ஊர்க்கவுண்டரு வெள்ளையன் மாமா கோயில்ல எல்லாத்தையும் கூப்புட்டு உக்கார வெச்சு, நீ எங்க இருக்கறன்னு போன் கேட்டா ஆருஞ் சொல்லப்படாதுன்னு சொல்லிப்போட்டாரு. எங்கூரு, ஓடைக்காடு, ரெண்டும் சேந்து பேசுனது. நம்ம காடு எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு நமக்குத் தெரிஞ்சாப் போதும், போனுக்கு எதுக்குங்க?"

"எல்லார் போன்லயும் நான்தாங்க டீச்சர் ஊடு ஊடாப் போயி ஆஃப் பண்ணி விட்டேன்" என்றாள் கௌரி, தலையைக் குனிந்தபடி. "எங்கூர்ல முப்பத்தெட்டு போனு."

தேவகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அது எங்கோ போய்விட்டது. அவள் பழக்கிய பிரவுசர் இந்தப் பக்கத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்திருக்கிறது. இருபது தடவையும் இடம் கேட்டதும் 'சரி' என்றிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் இந்தப் பக்கம் என்ன செய்யும் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மலையில் பிறந்து வளர்ந்து, வேண்டாம் என்று சொல்லும் ஊருக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, மலைக்கிராமத்துப் பெண்களுக்கான சைட்டை அவள் சோதித்த லட்சணம் இது. காது மடல் சூடாவதை அவளால் மறைக்க முடியவில்லை.

"இப்ப சரின்னு அமுக்கிடலாமுங்களா?" என்று கேட்டாள் கௌரி.

"அதெப்படி அமுக்கறது?" என்றாள் ஆராயி. குரல் உயரவில்லை. "ஊர்ல சொன்ன வார்த்தை. நீயே ஊடு ஊடாப் போயி ஆஃப் பண்ணிப்போட்டு, உனக்குன்னு வந்தா ஆன் பண்ணிக்குவியா?"

அதற்குமேல் அந்தப் பேச்சு நகராது என்று தேவகுமாரிக்குப் புரிந்தது. சரி, தன் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிவிடலாம் என்று கௌரியை நாற்காலியில் உட்காரவைத்தாள். விவரங்களைப் போட்டு, இடம் கேட்டதும் தேவகுமாரி சரி கொடுத்தாள். வட்டம் நின்றது. தூரம் முப்பத்தாறு கிலோமீட்டர் என்று வந்தது. பட்டன் பச்சையாயிற்று. அமுக்கப் போன கௌரியின் கையைத் தேவகுமாரியே பிடித்துக்கொண்டாள்.

"இரு கண்ணு. இது எங்க ஊட்டுத் தூரம். உங்கூருத் தூரம் இல்ல."

விடுதியில் இடம் கொடுப்பது தூரத்தை வைத்துத்தான். யார் ஊர் அதிகத் தொலைவோ அவர்களுக்கு முதலில். எட்டு கிலோமீட்டரை விட்டுக்கொடுத்தால் இடத்தையே விட்டுக்கொடுத்த மாதிரி. ஆனால் பிரவுசரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்துகிற வித்தை அவளுக்குத் தெரியும், தினமும் செய்வதுதான். நாற்பத்து மூன்று வரி ஃபைலைத் திறந்து, சேலம் ஆபீஸ் தெரு இருந்த வரிக்கு வந்தாள்.

"ஆராயி, உங்க ஊட்டைக் காட்ட வேண்டாம், காட்டையும் காட்ட வேண்டாம். பஸ் நிக்கிற இடத்தைக் காட்டலாமா? அது எல்லாருக்கும் தெரிஞ்ச இடந்தான?"

ஆராயி யோசித்தாள். அவசரப்படவில்லை. "பஸ்ஸு நிக்கறது ரோடுங்க. ரோடு நம்முளுது இல்லீங்களே. காட்டுங்க."

வரைபடத்தில் மேலக்காடு பஸ் நிறுத்தத்தைத் தேடி எடுத்து எண்களை மாற்றினாள். பிரவுசர் நாகலூரில் இருந்தபடியே மேலக்காட்டில் போய் நின்றுகொண்டது. நாற்பத்து நான்கு கிலோமீட்டர். இந்தத் தடவை கௌரி பட்டனை அமுக்கினாள். விண்ணப்ப எண் வந்தது. ஆராயி அந்த எண்ணை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வாங்கி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கௌரி சொன்னாள். "டீச்சர், ஓடைக்காட்டுல ஆறு பேருக்கும் இதே மாதிரிதாங்க, பட்டன் எரிய மாட்டீங்குது. எங்க கிளாஸ் புள்ளைங்கதான். அவங்களுக்கும் ஏதாவது பண்ண முடியுமுங்களா?"

"ஓடைக்காடா?"

"ஆமாங்க. எங்கூருக்கு ரெண்டு ஸ்டாப்பு அந்தாண்ட."

"பாக்கறேன் கண்ணு" என்றாள் தேவகுமாரி. அம்மாவும் பெண்ணும் பனியில் நடந்து மறைந்தார்கள்.

அவள் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பார்த்தவுடனே கணக்கு தெரிந்துவிட்டது. ஓடைக்காடு நாற்பத்தேழு கிலோமீட்டர். அந்த ஆறு பேர் உள்ளே வந்தால் ஆறு பேரும் கௌரிக்கு முன்னால் நிற்பார்கள். இருப்பது பன்னிரண்டு இடம். மலையின் மற்றப் பக்கங்களிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறார்களோ தெரியாது. அந்த ஆறு பேர் வராவிட்டால் கௌரிக்கு இடம் அநேகமாக உறுதி. வந்தால், சொல்ல முடியாது.

மதியம் அவளுடைய டீம் லீடர் யுவராஜை அழைத்தாள். முப்பது வயதுப் பையன், நல்ல பையன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"அக்கா, ரிப்போர்ட்டு உங்க பேர்ல போயிருக்குதுங்க. இப்ப நாமளே போயி தப்புன்னு சொன்னா கிளையண்ட்டு என்ன நெனப்பாரு? புதன்கிழமை முடிஞ்சுரட்டும். வியாழக்கிழமை அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சேத்துக்கலாம். அடுத்த வருசம் வர்ற புள்ளைங்களுக்கு ஆச்சு."

"யோசிச்சுச் சொல்றேன் யுவராஜ்."

"யோசிக்கறதுக்கு என்னங்க்கா இருக்குது? உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதுதான் தேவகுமாரியை உறுத்தியது. எல்லாமே அவளுக்கு நல்லதாக இருந்தது. வியாழக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் ரிப்போர்ட் பிழைக்கும், பதினொரு வருடப் பெயர் பிழைக்கும், மூன்று மணி நேரம் முன்பு அவள் வீட்டுத் தம்ளரில் காப்பி குடித்த பெண்ணுக்கு இடம் கிடைக்கும். வேண்டாத ஒன்றுகூட அதில் இல்லை. ஓடைக்காட்டு ஆறு பேரை அவள் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. பார்க்காதவர்களுக்காகப் பார்த்தவளைத் தள்ளிவிடுவதா என்று மனசு கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுபோலவே இருந்தது. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

சாப்பாட்டுக்கு வந்த ஜெப்சனிடம் பாதியைச் சொன்னாள்.

"தப்பு உன்னுதுதானா?" என்று கேட்டார் அவர், ரசத்தைப் பிசைந்துகொண்டே.

"என்னுதுதான்."

"அப்பச் சொல்லிப்போடு. செக்ரோல் நோட்டுல ஒரு ஆளுப் பேரு விட்டுப்போச்சுன்னா நான் மறுநாளு போயி எழுதறதில்லையா? அந்த ஆளு வேலை செஞ்சிருக்குதில்ல."

மீதிப் பாதியை அவள் சொல்லவில்லை. கௌரியின் பெயரையே எடுக்கவில்லை. பாதியைக் கேட்டுவிட்டு முழுப் பதில் சொன்ன கணவர், கை கழுவிவிட்டு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

அவள் ஃபைலைத் திறந்தாள். இடம் கேட்டால் 'சரி' என்றிருந்த வரியில் ஒரே ஒரு வார்த்தையை அழித்து, 'வேண்டாம்' என்று வைத்தாள். பதினொரு வருடத்தில் அந்த வரியில் அந்த வார்த்தையை எழுதியதே இல்லை. எழுதாததற்குக் காரணம் அவளுக்கே தெரியும். வேண்டாம் என்றால் பிரவுசர் நின்றுவிடும், நின்றுவிட்டால் பச்சை வராது. பச்சை வரவேண்டும் என்பதற்காகத்தான் அதை அப்படிப் பழக்கியதே. ஊரில் யாரும் கேட்டதற்கெல்லாம் சரி சொல்லப் பிறந்திருக்கவில்லை.

ஓடவிட்டாள். பெயர் எழுதியது, மார்க் எழுதியது, காலேஜைத் தேர்ந்தது. இடம் கேட்டது. வேண்டாம் என்றது. வட்டம் சுற்றத் தொடங்கியது. முப்பது நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிவப்பாயிற்று. தேவகுமாரி அந்தச் சிவப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கடிதம் எழுதினாள். இடம் சொல்ல விரும்பாதவர்களின் விண்ணப்பம் போகாமல் நிற்கிறது, மலையில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள், சோதனையில் இதைப் பார்க்காமல் விட்டது நான், என் போன ரிப்போர்ட் தவறு, ஊர் பஸ் நிறுத்தத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்ள வழிசெய்தால் போதும், புதன்கிழமைக்குள் செய்ய வேண்டும். கீழே தன் பெயரைப் போட்டு, யுவராஜுக்கும் அறக்கட்டளை ஆபீசுக்கும் சேர்த்தே அனுப்பினாள். யுவராஜுக்கு மட்டும் அனுப்பினால் அவன் நல்லதுக்குத்தான் எதையாவது செய்வான் என்று அவளுக்குத் தெரியும்.

யுவராஜ் அன்று போன் செய்யவில்லை. அறக்கட்டளை மேனேஜர் பாக்கியநாதன் செய்தார். கோபம் வரும் என்று காத்திருந்தவளிடம் அவர், "ஏனுங்கம்மா, இதுவரைக்கும் வந்த பாரத்துல நாகலூருக்கு அந்தாண்ட இருந்து ஒண்ணுதான் இருக்குது. ஏன் மத்தவங்க வரலைன்னு நாங்களும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம்" என்றார். அந்த ஒன்று யாருடையது என்று அவளுக்குத் தெரியும். புதன்கிழமைக்குள் மாற்றிவிடுகிறோம் என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் கம்பெனியில் பென்னி என்ற பையன் உட்கார்ந்து பஸ் நிறுத்தப் பட்டியலைச் சேர்த்தான். தேவகுமாரி சரி ஒருமுறை, வேண்டாம் ஒருமுறை என்று மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை பதினொரு மணிக்கு இரண்டும் பச்சை. கௌரிக்குப் போன் செய்து, ஓடைக்காட்டுப் பிள்ளைகளிடம் சொல்லச் சொன்னாள். கௌரி பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே போய்ச் சொல்லியிருக்கிறாள். மூன்று மணிக்கெல்லாம் ஆறு பேரும் ஏற்றியாகிவிட்டது.

சனிக்கிழமை பட்டியல் வந்தது. தேவகுமாரி மேலிருந்து படிக்காமல் கீழிருந்து படித்தாள். பன்னிரண்டு பெயர். ஓடைக்காடு ஆறும் இருந்தன. மேலக்காடு இல்லை. அடுத்த பக்கத்தில் காத்திருப்போர் என்று போட்டு, முதல் பெயராகக் கௌரி இருந்தாள். பதின்மூன்றாவது. ஆறில் ஒருத்தி குறைந்திருந்தாலும் போதும். தேவகுமாரி கம்ப்யூட்டரை மூடிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டு, சத்தம் வராமல் நன்றாக அழுதாள். தான் செய்தது சரி என்று தெரிந்தது. தெரிந்தும் அழுகை குறையவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அதே சேலையோடு மேலக்காட்டுக்குப் பஸ் ஏறினாள். போன் செய்து சொல்கிற விஷயமில்லை இது. ஆராயி காப்பிச் செடிக்கு நடுவே நிழல் மரக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் கொடுவாளைக் கீழே வைத்தாள்.

"பட்டியலு வந்துருச்சுங்க ஆராயி" என்று தொடங்கினாள் தேவகுமாரி.

"தெரியுமுங்க. ஓடைக்காட்டுல நேத்தே சொல்லிப்போட்டாங்க. எங்கூருக்கு இன்னொரு பஸ்ஸு விடச் சொல்லிக் கேட்டப்பல்லாம் நொம்ப தூரமுன்னு சொன்னாங்க. இப்பத்தான் மொத மொத பக்கமுன்னு சொல்லியிருக்கறாங்க." சொல்லிவிட்டு ஆராயி சிரித்தாள். தேவகுமாரியால் சிரிக்க முடியவில்லை.

"கௌரி அப்பா என்னங்க சொல்றாரு?"

"அவுரா? ராத்திரி ஒண்ணும் பேசலீங்க. காலையில எந்திரிச்சு, ஓடைக்காட்டுப் புள்ளைங்க ஆறு பேரு பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போறப்ப எம்புள்ள மட்டும் ரோட்டுல நின்னு வேடிக்கை பாக்கறதான்னு அவராவே கேட்டாரு. அடிவாரத்துல, குப்பனூர்ல எந்தங்கச்சி அருக்காணி இருக்கறா. ஒத்த ரூமு ஊடு, அஞ்சு பேரு. அங்க இருந்து போகட்டும், அங்கிருந்து காலங்காத்தால பஸ்ஸு இருக்குதுன்னு சொல்லிப்போட்டாரு. சொந்தக்காரங்க ஊட்டுல வெக்கமாட்டேன்னு சொன்ன மனுசன்."

தேவகுமாரி அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நிம்மதிதான், ஆனால் முழு நிம்மதி இல்லை. ஒற்றை அறையில் ஆறாவது ஆளாகப் படுத்து, விடியும் முன்பே பஸ் பிடித்து அந்தப் பெண் நான்கு வருடம் படிக்க வேண்டும். விடுதி இடம் போகலாம் என்று தெரிந்தேதான் அவள் அந்தக் கடிதத்தை அனுப்பினாள். இதை ஆராயியிடம் மறைத்துவிட்டுத் திரும்பிப் போக முடியாது என்று தோன்றியது.

தண்ணீர்க் குடத்தோடு கௌரி மேலேறி வந்தாள். டீச்சரைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவைத்தாள்.

"கண்ணு, நான் ஒண்ணு சொல்லோணும்" என்றாள் தேவகுமாரி. "அந்த ஆறு பேரு வந்தா உனக்கு எடம் போனாலும் போயிரும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அவங்க ஊரு இன்னும் தூரம். தெரிஞ்சுக்கிட்டேதான் எழுதினேன். உன்கிட்டயோ அம்மாகிட்டயோ ஒரு வார்த்தை சொல்லலை. அது தப்பு."

ஆராயி மகளைப் பார்த்தாள். கௌரி துப்பட்டாவால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியுமுங்க டீச்சர். தூரத்து ஊருக்குத்தான் மொதல்லன்னு மொதப் பக்கத்துலயே போட்டிருந்துச்சே."

"தெரிஞ்சுமா எங்கிட்ட அவங்களப் பத்திச் சொன்ன?"

"எம்பேரு ஏறுன பொறவுதாங்க சொன்னேன்" என்றாள் கௌரி. கொஞ்சம் வெட்கப்பட்டாள். "ஏர்றதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கோணும். வாய் வரலீங்க."